காயத்தால் இதயம் நின்றவர் வந்தால்: அவசர சிகிச்சைப் பிரிவுக்கான முழுமையான வழிகாட்டி

நெஞ்சுவலியோடு வந்து இதயம் நின்றவருக்கும், ஹபரணை வீதியில் லொறி மோதி இதயம் நின்றவருக்கும் மொனிட்டரில் ஒரே மாதிரிக் கோடு ஓடலாம். செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல. முதலாமவருக்குப் பம்பு பழுது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இரண்டாமவருக்குப் பம்பு பெரும்பாலும் நல்லதுதான். கிணறு வற்றியிருக்கிறது, அல்லது குழாய் நெரிபட்டிருக்கிறது. வற்றிய கிணற்றில் பம்பை எத்தனை தரம் அடித்தாலும் வயலுக்குத் தண்ணீர் வராது. ஆனாலும் காயப்பட்டவர் வந்ததும் நாலு பேர் முறை மாறி நெஞ்சை அழுத்துவதும், மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் அட்ரினலின் போடுவதும், உண்மையான காரணத்தில் எவருடைய கையும் படாமல் பத்து நிமிடம் போய்விடுவதும் இன்னமும் நடக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை மீட்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

காயத்தால் இதயம் நின்றவர்களில் தப்புகிறவர்கள் மிகச் சிலர். தப்புகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே காரணத்தால் தப்புகிறார்கள்: திருத்தக்கூடிய நான்கு காரணங்களில் ஒன்று அவர்களிடம் இருந்தது, யாரோ ஒருவர் அதை நேரத்தோடு திருத்தினார். அந்த நான்கும் இவை: இரத்தம் இழந்து போதல், ஒக்சிசன் கிடைக்காமை, நெஞ்சறைக்குள் அழுத்தத்தோடு அடைபட்ட காற்று, இதய உறைக்குள் தேங்கிய இரத்தம். கடைசி இரண்டையும் வார்ட்டில் டென்ஷன் நியூமோதொராக்ஸ், டம்பொனேட் என்போம்.

வந்து சேருமுன்

1990 சுவசெரிய அம்புலன்சில் வருகிறவரென்றால் பெரும்பாலும் முன்கூட்டியே அழைப்பு வரும். ஆட்டோவிலோ, வானிலோ, உழவு இயந்திரப் பெட்டியிலோ தூக்கி வரப்படுகிறவருக்கு அது கிடையாது. ஆகவே ஆயத்தம் அழைப்பை நம்பி இருக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைமுறை தொடங்கும்போதும் ஐந்து விடயங்களைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: சக்ஷன் இழுக்கிறதா, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையில் ஒக்சிசன் பை பொருந்தியிருக்கிறதா, கை காலை இறுக்கி இரத்தத்தை நிறுத்தும் பட்டியான டூர்னிக்கே இரண்டும் இடுப்புக்கட்டு ஒன்றும் இருக்கிறதா, இரத்தப் பையைப் பிழிந்து வேகமாக இறக்கும் பிரஷர் பேக் காற்றை வைத்திருக்கிறதா, நெஞ்சறை திறக்கும் தட்டு முழுமையா. அந்தத் தட்டில் பிளேட் பொருத்திய கத்தி ஒன்று, ஆர்ட்டரி போர்செப்ஸ் என்ற வளைந்த பெரிய இடுக்கி ஒன்று, கிருமிநீக்கிய கையுறை மூன்று சோடி இருந்தால் போதும். அதற்குமேல் எது வைத்தாலும் தேடும் நேரம்தான் கூடும்.

அழைப்பு வந்தால் அதில் கேட்க வேண்டிய முதற்கேள்வி விபத்து எப்படி நடந்தது என்பதல்ல. “கடைசியாக எப்ப மூச்சோ அசைவோ இருந்தது?” என்பதுதான். தூக்கி வந்தவர்களை வாசலிலேயே பிடித்து இதையே கேளுங்கள். அவர்கள் திரும்பிப் போய்விட்டால் அந்த விடை பிறகு எவரிடமும் கிடைக்காது. “கந்தளாய்ச் சந்தி தாண்டேக்க முனகினவர்” என்ற ஒரு வசனத்தில் நேரக் கணக்கே அடங்கியிருக்கும். கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவருக்குப் படகுப்பாதையில் காத்திருக்கும் நேரம் இல்லாமல் போனது. முன்பு வழியிலேயே முடிந்துபோயிருக்கக்கூடிய சிலர் இப்போது உயிரின் கடைசி நிமிடங்களோடு வாசல் வரை வந்து சேர்கிறார்கள்.

இரத்த வங்கிக்கும், சத்திரசிகிச்சை நிபுணருக்கும், மயக்கமருந்துக் குழுவுக்கும் அழைப்பை இப்போதே எடுங்கள். நோயாளரைப் பார்த்தபின் சொல்லலாம் என்று வைத்தால் அது மறந்துபோகும்.

குழுவில் ஒருவர் தலைவர். அவர் கட்டிலின் கால்மாட்டில் நிற்க வேண்டும், நோயாளரைத் தொடக் கூடாது. நம்முடைய பிரிவுகளில் தமிழும் சிங்களமும் கலந்தே பேசப்படுகின்றன. அதனால் கட்டளையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள், வாங்கியவர் திருப்பிச் சொல்ல வேண்டும். “மிஸ், ஓ பொசிட்டிவ் ரெண்டு பைன்ட், பிரஷர் பேக்கில.” “ஓம் டொக்டர், ரெண்டு பைன்ட், பிரஷர் பேக்கில.” திரும்பி வராத கட்டளை நிறைவேறவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நிமிடம்: இது எந்த வகை?

கழுத்து நாடியைப் பத்து வினாடிக்கு மேல் தேடாதீர்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷொக்) கொடுக்கும் டிபிப்ரிலேட்டரின் பட்டைகளை உடனே ஒட்டுங்கள். காயத்தால் வரும் நிறுத்தத்தில் ஷொக் கொடுக்கக்கூடிய தாளம் அரிது. ஆனால் அது தெரிந்தால் கதை வேறு: கிரிக்கெட் பந்து நேராக நெஞ்சில் பட்டவர், மின்கம்பத்தில் மின்சாரம் தாக்கி விழுந்தவர், வண்டி ஓட்டும்போதே மாரடைப்பு வந்து மதிலில் மோதியவர். இவர்களுக்கு வழக்கமான முறைதான்: தடையில்லாத நெஞ்சழுத்தம், ஷொக், அட்ரினலின். வயதானவர், வாகனத்தில் சிறு கீறல்தான், ஆளோ அசைவில்லை என்றால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும்.

மற்ற எல்லோருக்கும் நான்கு காரணங்களும் ஒரே நேரத்தில். நெஞ்சழுத்தத்தைத் தொடங்கலாம், கை மிஞ்சினால் தொடரலாம். ஆனால் நெஞ்சைத் திறக்கவோ, இரத்தம் ஏற்றவோ, மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடவோ அது குறுக்கே நிற்கும் கணத்தில் அழுத்துகிறவர்தான் விலக வேண்டும். அட்ரினலினும் இங்கே பின்வரிசை மருந்து. இரத்தம் இழந்த உடல் தன் நாளங்களை ஏற்கனவே இறுக்கிப் பிடித்திருக்கிறது. வெறும் நாளத்தை மேலும் இறுக்கி வரப்போகும் பயன் சிறிது.

இரவில் ஒரு வைத்தியரும் இரண்டு தாதியரும்தான் இருக்கிறீர்களா? அப்படியானால் வரிசை இது: சிற்றூழியர் காயத்தை அமுக்கிப் பிடிப்பார், ஒரு தாதி அம்பு பையில் மூச்சுக் கொடுப்பார், வைத்தியர் இரண்டு பக்க நெஞ்சையும் திறப்பார், மற்றத் தாதி நாளத்தில் கெனுலா (இரத்தம் ஏற்றும் ஊசிக்குழல்) போட்டு இரத்தம் ஏற்றுவார். நெஞ்சழுத்தத்துக்கு ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வெளியே ஓடும் இரத்தம்

இதயம் நின்ற ஆளின் புண் ஓடாது. மிகப் பெரிய காயம்கூட அமைதியாக, கழுவி வைத்த இறைச்சி போலக் கிடக்கும். அதைப் பார்த்து “இரத்தம் நின்றுவிட்டது” என்று விட்டுவிடுவது பெரிய பிழை. துடிப்புத் திரும்பும் அதே நிமிடத்தில் அது பீறிடும், நீங்கள் ஏற்றியதெல்லாம் தரையில் இருக்கும். ஓடாத நேரத்திலேயே கட்டுங்கள்.

கை கால் துண்டானவருக்கும், கடலில் டைனமைட் கையிலேயே வெடித்தவருக்கும் டூர்னிக்கேயைக் காயத்துக்கு 5 முதல் 8 சென்ரிமீற்றர் மேலே, மூட்டில் படாமல் கட்டி, நேரத்தை அதன்மேலேயே எழுதுங்கள். ஒன்று போதாவிட்டால் அதற்கு மேலே இரண்டாவது. தளர்த்தித் தளர்த்திப் பார்க்காதீர்கள். அக்குள், கவட்டி போன்ற கட்ட முடியாத இடங்களில் துணியை உள்ளே அடைத்து, உடல் எடையைப் போட்டு அமுக்க வேண்டும். மேலே வைத்துச் சுற்றிய பஞ்சு இரத்தத்தை உறிஞ்சும், நிறுத்தாது. தலைத் தோற்காயத்தை இரண்டு பெரிய தையலால் மூடிவிடுங்கள்.

மோட்டார் சைக்கிள் விபத்திலும் மரத்திலிருந்து விழுந்தவரிலும் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு இடுப்புக்கட்டைப் போடுங்கள். அசைத்துப் பார்க்க வேண்டாம். கட்டு வர வேண்டிய இடம் தொடையின் வெளிப்பக்கத்தில் துருத்தும் எலும்பின் மட்டம். வயிற்றுக்கு மேலே கட்டினால் முறிவு விரியும், உள்ளே இரத்தம் கூடும். கட்டு இல்லாவிட்டால் மடித்த படுக்கைவிரிப்பைச் சுற்றி முறுக்கி, முழங்கால்களையும் சேர்த்துக் கட்டலாம்.

மூச்சு

தலையில் அடிபட்ட சிலருக்கு மூளை அதிர்ந்த கணத்திலேயே மூச்சு நின்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் ஒக்சிசன் இல்லாமல் இதயமும் நிற்கிறது. இரத்தம் இழக்காத, நெஞ்சில் காயமில்லாத இப்படியான ஒருவர் நாக்கு பின்வாங்கிக் கிடந்தார் என்ற ஒரே காரணத்துக்காக இறக்கக்கூடும். இவருக்கு நெஞ்சழுத்தமும் உண்மையாகவே உதவும்.

கழுத்தை நிமிர்த்தாமல் தாடையை முன்னே தள்ளுங்கள். வாய் நிறைய இரத்தமும் பல்லும் இருக்கும், முதலில் சக்ஷன். நிமிடத்துக்கு 15 லீற்றர் ஒக்சிசனோடு அம்பு பை. ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தில் பிடிக்க, மற்றவர் பையை அமுக்குவதே நல்லது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடும்போது கழுத்துப்பட்டியின் முன்பக்கத்தைத் திறந்து, ஒருவர் தலையை நேராகப் பிடித்திருக்க வேண்டும். ஆளுக்கு அசைவே இல்லையென்றால் மயக்கமருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பற்களின் மட்டத்தில் பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 சென்ரிமீற்றர். அதைத் தாண்டினால் குழாய் வலது நுரையீரலுக்குள் போய்விடும், இடப்பக்கம் மூச்சுச் சத்தம் கேட்காததைக் காற்று அடைப்பு என்று எண்ணி ஏமாறுவீர்கள். வெளிமூச்சின் காபனீரொட்சைட்டைக் காட்டும் கப்னோகிராபில் அலை சிறிதாக இருந்தால் இரத்த ஓட்டம் குறைவு. அலையே இல்லாவிட்டால் குழாய் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே நினைத்துச் சரிபாருங்கள். இரண்டு முறைக்குள் போகாவிட்டால் தொண்டையில் அமரும் சுவாசக் கருவியை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

பதற்றத்தில் எல்லோரும் பையை வேகமாக அடிப்பார்கள். நிமிடத்துக்குப் பத்துத் தரம், பையின் மூன்றிலொரு பங்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு அமுக்கலும் நெஞ்சறைக்குள் அழுத்தத்தைக் கூட்டி, இதயத்துக்குத் திரும்பிவரும் கொஞ்ச இரத்தத்தையும் தடுக்கிறது. வற்றிய உடலில் வேகமான பை உயிரைக் குடிக்கும்.

நெஞ்சைத் திறத்தல்

இந்த வேலையை இரண்டு பக்கமும் செய்யுங்கள். எந்தப் பக்கம் என்று ஸ்டெதஸ்கோப்பால் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, இரைச்சலில் அது கேட்கவும் மாட்டாது. எக்ஸ்ரே எடுக்கக் காத்திருப்பது மன்னிக்க முடியாத பிழை.

ஊசி குத்துவதை முதல் வழியாக நம்பாதீர்கள். கெனுலா நெஞ்சுச் சதையைத் தாண்டாமலே நிற்கலாம், மடியலாம், இரத்தம் அடைக்கலாம். காற்று வராதது காற்று இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. கத்தி பிடிக்க ஆள் இல்லாத ஓரிரு நிமிடத்துக்கு மட்டும், நான்காம் அல்லது ஐந்தாம் விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னே குத்தலாம்.

விரலால் திறக்கும் முறை இது. கையைத் தலைப்பக்கம் விரித்து வையுங்கள். ஆண்களில் முலைக்காம்பின் மட்டம், பெண்களில் மார்பின் கீழ்மடிப்பு மட்டம், அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னே: அதுதான் இடம். இதற்குக் கீழே போனால் ஈரலிலோ மண்ணீரலிலோ கை வைப்பீர்கள். விலாவின் மேல்விளிம்பை ஒட்டி 4 சென்ரிமீற்றர் வெட்டுங்கள். நரம்பும் நாளமும் ஒவ்வொரு விலாவுக்கும் கீழ்விளிம்பில் ஓடுகின்றன, அதனால்தான் மேல்விளிம்பு. கத்தியை வைத்துவிட்டு, மூடிய ஆர்ட்டரி போர்செப்சை விலாவின்மேல் சறுக்கி உள்ளே தள்ளுங்கள். மற்றக் கையால் நுனிக்கு மேல் பிடித்துக்கொண்டால் திடீரென்று ஆழமாகப் பாயாது. சவ்வு விடுவது கையில் தெரியும். போர்செப்சை உள்ளேயே அகல விரித்து, விரித்தபடியே வெளியே எடுங்கள். பிறகு விரல். முறிந்த விலா கத்திபோலக் கூர்மையாக இருக்கும், இரட்டைக் கையுறை போடுங்கள். விரலைச் சுற்றவர ஓட்டிப் பாருங்கள்: நுரையீரல் விரல்நுனியில் மெத்தென்று வந்து படுகிறதா, சுருங்கி எட்டாமல் கிடக்கிறதா, காற்று சீறியதா, இரத்தம் கொட்டியதா. கண்டதைத் தலைவருக்குச் சத்தமாகச் சொல்லுங்கள்.

நெஞ்சுக்குள் வைக்கும் குழாய் இப்போது வேண்டாம். பையால் மூச்சுக் கொடுக்கும்வரை திறந்த துளையே போதும், குழாய் வைத்துத் தைக்கப்போனால் ஐந்து நிமிடம் போகும். ஆனால் அந்தத் துளையை உடலின் சதை மூடிக்கொள்ளும். நிலை மறுபடி சரிந்தால் முதலில் செய்ய வேண்டியது அதே துளைக்குள் விரலைத் திரும்ப விடுவது. தானாக மூச்சு விடுகிறவரில் இந்தத் துளையைத் திறந்து விடக் கூடாது, காற்றை உள்ளே உறிஞ்சும். அவருக்குக் குழாய் தேவை. துடிப்புத் திரும்பிய பின் 28 முதல் 32 அளவுக் குழாய். உடனே 1500 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தம் வந்தால் இடம் தியேட்டர்தான்.

இரத்தம் ஏற்றுதல்

முழங்கை மடிப்பில் 14 அல்லது 16 அளவுக் கெனுலா இரண்டு. குட்டையான, பருத்த கெனுலா கழுத்தில் போடும் நீண்ட மூவழிக் குழாயைவிட வேகமாக இரத்தத்தை இறக்கும். தொடை வழியைத் தவிருங்கள்: வயிற்றிலோ இடுப்பிலோ நாளம் கிழிந்திருந்தால் ஏற்றுவது அந்தக் கிழிசலால் வெளியே போய்விடும். நாளம் கிடைக்காவிட்டால் எலும்பு ஊசி. மேற்கை எலும்பின் தோள்முனை காலெலும்பைவிட நல்லது. முறிந்த எலும்பில் போடக் கூடாது.

தேவையானது இரத்தம். சேலைன் நாடியைக் கொஞ்ச நேரம் தூக்கும். ஆனால் உறையும் திறனை ஐதாக்கும், உடலைக் குளிராக்கும், ஒக்சிசனைக் காவாது. இரத்தம் வரும்வரை 250 மில்லிலீற்றர் வீதம் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி பாருங்கள். வகை பார்க்காத முதல் பைகள்: பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களுக்கு ஓ நெகட்டிவ், ஆண்களுக்கு ஓ பொசிட்டிவ். அரிதான நெகட்டிவ் பைகளை ஆண்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டால், அடுத்து வரும் கர்ப்பிணித்தாய்க்கு இருக்காது. குறுக்குப் பொருத்தத்துக்கான மாதிரியை முதல் பை ஏறுமுன் எடுங்கள். செங்குருதி, எப்.எப்.பி. (உறைநிலையில் வைத்த பிளாஸ்மா), பிளேட்லெட் மூன்றையும் கூடிய அளவு சமமாகக் கொடுங்கள். எப்.எப்.பி. உருக நேரமெடுக்கும், ஆகவே முதல் அழைப்பிலேயே உருக்கச் சொல்ல வேண்டும்.

இரத்தக்கட்டி கரையாமல் காக்கும் டிரனெக்சாமிக் அசிட் 1 கிராம், காயம் பட்டு 3 மணித்தியாலத்துக்குள். பத்து நிமிடத்தில் முதல் கிராம், பிறகு 8 மணித்தியாலத்தில் இன்னொரு கிராம். கல்சியத்தை மறந்துவிடுகிறார்கள். இரத்தப் பையில் உறையாமலிருக்கச் சேர்த்துள்ள சிற்றரேற் உடலின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கல்சியம் குறைந்தால் இதயமும் சுருங்காது, இரத்தமும் உறையாது. 10 சதவீதக் கல்சியம் குளுக்கோனேற் 30 மில்லிலீற்றர், அல்லது 10 சதவீதக் குளோரைட் 10 மில்லிலீற்றர். பிறகு நான்கு பைக்கு ஒரு தரம். இரத்தம் ஓடும் அதே குழாயில் போடாதீர்கள், உறைந்து அடைத்துவிடும்.

சூடு: வெளியே ஆவணி வெயில் கொளுத்தினாலும் ஈர உடையோடு ஏசிக்குள் கிடக்கும், இரத்தமிழந்த உடல் விரைவாகக் குளிரும். உடையைக் கழற்றி, துடைத்து, போர்த்துங்கள். இரத்தத்தைச் சூடாக்கும் கருவி வழியாகவே ஏற்றுங்கள். சுடுநீரில் பையை அமிழ்த்துவது சிவப்பணுக்களை உடைக்கும்.

கர்ப்பிணியென்றால், கருப்பை தொப்புள் மட்டத்துக்கு வந்திருந்தால், ஒருவர் அதை இடப்பக்கம் கையால் தள்ளிப் பிடிக்கட்டும். மகப்பேற்றுக் குழுவை உடனே அழையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுப்பது தாயின் இதயத்துக்காகச் செய்யும் சிகிச்சை.

ஸ்கேன், இதய உறையில் இரத்தம்

ஸ்கேன் கருவியை நெஞ்சுக்குழியின் கீழ் வையுங்கள். நாடி பார்க்கும் அதே பத்து வினாடிக்குள் இரண்டு கேள்விக்கு விடை எடுங்கள்: இதயம் அசைகிறதா? அதைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறதா? நாடி தெரியாவிட்டாலும் இதயம் அசைந்தால் அவர் இறக்கவில்லை, அழுத்தம் விரலுக்கு எட்டாத அளவு குறைந்திருக்கிறது, முழு மூச்சாகத் தொடருங்கள். நெஞ்சில் கத்திக்குத்து, உறையில் தண்ணீர் இல்லை, இடப்பக்க நெஞ்சில் நிறைய இரத்தம் என்றால் ஏமாறாதீர்கள்: உறையின் கிழிசல் வழியே இதயத்தின் இரத்தம் நெஞ்சறைக்குள் வடிந்திருக்கலாம்.

டம்பொனேட்டில் உறைக்குள் நிற்பது பெரும்பாலும் உறைந்த இரத்தம், ஊசியால் இழுக்க வராது. நெஞ்சைப் பிளக்க வழியே இல்லாத இடத்தில் மட்டும், ஸ்கேனைப் பார்த்தபடி ஊசி.

உண்மையான சிகிச்சை நெஞ்சைப் பிளந்து உறையைத் திறப்பது. அதற்கு நான்கும் வேண்டும்: பயின்ற கை, கருவி, இடவசதி, கடந்த நேரம் குறைவாயிருத்தல். நெஞ்சில் குத்துப்பட்டு உயிர்க்குறி போய் 15 நிமிடத்துக்குள் என்றால் நியாயமான முயற்சி. மோதல் காயத்தில் 10 நிமிடம்தான் எல்லை, பலனும் மிகக் குறைவு. பயிலாத ஒருவர் இந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்யக் கூடாது. துணை நிற்பவர் அடுத்தது என்னவென்று தெரிந்திருக்கவே இதை எழுதுகிறோம். ஏற்கனவே போட்ட இரண்டு துளைகளையும் மார்பெலும்பின் குறுக்கே தோல்வெட்டால் இணைத்து, விலா இடைச்சதையைத் தடித்த கத்தரியால் வெட்டி, மார்பெலும்பை ஜிக்லி வாள் என்ற கம்பி வாளாலோ கத்தரியாலோ அறுத்து, நெஞ்சை மட்டி வாய்போலத் திறப்பார்கள். உறையை முன்பக்கம் தூக்கிப் பிடித்து நெடுக்கே வெட்டுவார்கள், பக்கவாட்டில் போனால் உதரவிதானத்தை இயக்கும் பிரெனிக் நரம்பு அறும். உறைந்த இரத்தத்தைக் கையால் அள்ளியதும் இதயம் தானே துடிக்கத் தொடங்கலாம். துளை தெரிந்தால் முதலில் விரல், பிறகு 3/0 தையல். துடிக்காவிட்டால் இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து நுனியிலிருந்து மேல்நோக்கிப் பிழிய, மற்றவர் பெருநாடியை முதுகெலும்போடு சேர்த்து அமுக்க வேண்டும். துடிப்பு வந்ததும் மார்பெலும்பின் இரு பக்கமும் வெட்டுப்பட்ட நாளங்கள் பீறிடும். நெஞ்சைப் பிளப்பதென்றால், தட்டில் உள்ளதைத் தவிர ஆர்ட்டரி போர்செப்ஸ் நாலை முன்பே எடுத்து வையுங்கள்.

துடிப்பு திரும்பிய பின்

இரத்தப்போக்கைத் தியேட்டரில் அடைக்கும்வரை இரத்த அழுத்தத்தின் மேல் எண் 80 முதல் 90 போதும். கூட்டினால் கட்டிய இரத்தக்கட்டி பிய்யும். தலைக்காயம் இருந்தால் மட்டும் 110க்குக் குறையவிடாதீர்கள். நினைவு திரும்பி அசைந்தால் கெட்டமின் என்ற மயக்கமருந்து குறைந்த அளவில். நிலையில்லாதவரை சிடி அறைக்கு அனுப்புவதைவிட நேரே தியேட்டருக்கு அனுப்புவது நல்லது. ஆதார வைத்தியசாலையிலிருந்து மாற்றி அனுப்புவதானால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடக்கூடிய ஒருவர், ஏறிக்கொண்டிருக்கும் இரத்தம், நெஞ்சுத் துளைக்கு ஒரு சோடிக் கையுறை மூன்றும் வண்டியில் போக வேண்டும்.

எப்போது நிறுத்துவது

உயிர்க்குறியே இல்லாமல் 15 நிமிடத்துக்கு மேல் போய் வந்தவரிலும், உயிரோடு பொருந்தாத காயமுள்ளவரிலும் தொடங்காமலே விடலாம். தொடங்கியவரில் நான்கு காரணங்களையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான்கும் திருத்தப்பட்டு, துடிப்புத் திரும்பாமல், ஸ்கேனில் இதயம் அசையாமல் கிடந்தால் நிறுத்துங்கள். குழுவில் ஒவ்வொருவரிடமும் “வேறு ஏதும் செய்ய இருக்கா?” என்று கேட்டபிறகே நேரத்தைச் சொல்லுங்கள்.

விபத்திலோ வன்முறையிலோ இறந்தவருக்குத் திடீர் மரண விசாரணை உண்டு. குழாய்களையும் கெனுலாவையும் கழற்றாதீர்கள். நீங்கள் போட்ட வெட்டு எது, வந்த காயம் எது என்று குறிப்பில் தெளிவாக எழுதுங்கள், சட்ட வைத்திய அதிகாரிக்கு அது வேண்டும். உடையை வெட்டும்போது கத்தியோ குண்டோ போன துளையை ஊடறுத்து வெட்டாமல், காகிதப் பையில் போட்டு வையுங்கள். பொலித்தீனில் ஈரம் பூஞ்சையாகும்.

குடும்பத்தாரை வாசலில் நிற்கவைத்துச் சொல்லாதீர்கள். இருத்தி, பெயர் சொல்லி, சுற்றிவளைக்காமல்: “அம்மா, உங்கட மகன் வரேக்க இதயம் நின்டிருந்தது. நாங்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்தம். அவர் இறந்துட்டார்.” “இறந்துட்டார்” என்ற சொல்லே வர வேண்டும். “காப்பாத்த ஏலாமப் போச்சு” என்று மட்டும் சொன்னால், இன்னும் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று சிலர் நினைப்பார்கள். முஸ்லிம் குடும்பமென்றால் அடக்கத்தைத் தாமதிக்க விரும்பமாட்டார்கள். விசாரணை எப்படி நடக்கும், யாரைச் சந்திக்க வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள், அந்தத் தாய் அதைத் தேடி அலையாமல் இருப்பார்.

அதன்பிறகு, கையைக் கழுவுமுன், தட்டில் புதுப் பிளேட்டும் மூன்று சோடிக் கையுறையும் வையுங்கள்.